பிணை என்றால் விடுதலை இல்லை

மேசையில் ஐந்து பட்டியல்கள் கிடக்கின்றன. எல்லாமே மாணவர்களுக்கானவை. 'அடிப்படைச் சட்டச் சொற்கள், எளிய விளக்கத்துடன்' என்கிற மாதிரி தலைப்பு. ஒன்று சட்டக் கல்லூரி முதலாமாண்டுப் பிள்ளைகளிடையே ஜெராக்ஸ் ஆகிச் சுற்றுவது. ஒன்று போட்டித் தேர்வுக் கையேட்டின் கடைசிப் பக்கங்கள். இரண்டு வாட்ஸப்பில் வந்த பி.டி.எஃப். ஐந்தாவது நான் எழுதியது. 2017ல் ஒரு சட்ட விழிப்புணர்வு வகுப்புக்காக, பிளஸ் டூ மாணவர்களை மனதில் வைத்து, ஒரே இரவில் எழுதினேன். அறுபது சொற்கள், ஒரு தாள், முன்னும் பின்னும். இடது பக்கம் சொல், நடுவில் சமக்குறி, வலது பக்கம் பொருள்.

மற்ற நான்கையும் குறை சொல்லப் போகிறேன் என்பதால் முதலில் என்னுடையதையே எடுத்துக்கொள்கிறேன். அதில் பதினேழாவது வரி இது: பிணை (ஜாமீன்) = விடுதலை.

எழுதியபோது உறுத்தவே இல்லை. பத்திரிகையில் தினமும் 'ஜாமீனில் விடுதலை' என்றுதானே போடுகிறார்கள். அடுத்த வருடம் அந்த வகுப்பில் படித்த பையன் ஒருவன் தேடிக்கொண்டு வந்தான். அவன் அண்ணன் மேல் ஒரு அடிதடி வழக்கு. கைதாகி, பத்துப் பன்னிரண்டு நாள் உள்ளே இருந்து, ஜாமீனில் வந்திருக்கிறார். தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கொஞ்ச நாள் போட்டார். பிறகு வக்கீல் மனுப் போட்டு அந்த நிபந்தனையைத் தளர்த்தி வாங்கிக் கொடுத்தார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வாய்தா போகவில்லை. பிடிவாரண்ட் வந்தது. வீட்டு வரி ரசீதைக் கொடுத்து ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கும் தாய்மாமனுக்கும், எழுதிக் கொடுத்த தொகையை ஏன் கட்டச் சொல்லக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்கப்புறம் இவர்களோடு பேசுவதில்லையாம்.

பையன் சண்டைக்கு வரவில்லை. சந்தேகம் கேட்கத்தான் வந்தான். "சார், ஜாமீன்னா விடுதலைன்னுதானே நம்ம தாள்ல போட்டிருந்துச்சு. அப்புறம் எப்படி சார் திரும்பப் பிடிப்பாங்க?"

அந்தத் தாள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வக்கீல் சொல்லியிருக்க வேண்டும், அண்ணனும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் சட்டம் தெரிந்தவன் என்று இருந்தது அந்தப் பையன் ஒருத்தன்தான். அவனிடம் இருந்தது என் தாள். அன்றிலிருந்து இந்த மாதிரிப் பட்டியல் எது கையில் கிடைத்தாலும் முதலில் பிணை என்ற சொல்லைத்தான் தேடிப் பார்ப்பேன். இந்த ஐந்தில் மூன்று 'விடுதலை' என்கின்றன. ஒன்று 'தற்காலிக விடுதலை' என்கிறது. அது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் எதுவரை தற்காலிகம், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை. ஒன்று 'ஜாமீன் = பிணை' என்று எழுதிவிட்டு, பிணை என்ற இடத்தில் 'ஜாமீன்' என்று எழுதியிருக்கிறது. சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், விளக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல். களத்தில் மாடுகளை வரிசையாகக் கட்டிப் போரடிப்பதற்குப் பிணையல் ஓட்டுவது என்று பேர். மாடு நடக்கும், சுற்றும், கயிறு மட்டும் கழுத்தில் இருக்கும். பிணையில் வந்தவரின் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். ஜாமீன் என்ற சொல்லும் வேறு திசையில் போகவில்லை. அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் பொறுப்பேற்கும் ஆள் என்பது. நாம் ஆளைக் குறித்த சொல்லைக் காரியத்துக்கு வைத்துக்கொண்டு, ஆளுக்கு 'ஜாமீன்தாரர்' என்று வால் சேர்த்துக்கொண்டோம். இரண்டு சொல்லும் கயிற்றையும் கயிற்றைப் பிடித்திருப்பவரையும் சொல்கின்றன. அவிழ்த்துவிட்டதாக நினைத்தது பட்டியல் போட்ட நாங்கள்தான்.

1973ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிணை என்ற சொல்லுக்கு வரையறை கிடையாது. எந்தக் குற்றம் பிணையில் விடத்தக்கது, எது விடத்தகாதது என்றுதான் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த வரையறை வந்திருக்கிறது. சாரம் இவ்வளவுதான்: குற்றம் சாட்டப்பட்டவரோ சந்தேகிக்கப்படுபவரோ, அதிகாரியோ நீதிமன்றமோ விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்து, சட்டத்தின் காவலிலிருந்து வெளியே விடப்படுவது. யார் விடுகிறார்கள், எதன்பேரில், என்ன எழுதிக் கொடுத்து என்று எல்லாமே அதில் இருக்கிறது. எளிமைப்படுத்துகிறோம் என்று நாங்கள் வெட்டி எறிந்தது இந்த மூன்றையும்தான்.

இதில்தான் எனக்குச் சண்டை. சட்டச் சொல் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயர் கிடையாது. யாரோ ஒருவர் யாருக்கோ செய்யும் ஒரு காரியத்தின் பெயர். அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கும், பின்னால் ஒன்று நடந்தாக வேண்டும். கத்தரிக்காயை விளக்க ஒரு சமக்குறி போதும். கைதுக்குப் போதாது.

'பிணையில் விடத்தகாக் குற்றம்' என்பதற்கு வருவோம். நான்கு பட்டியல்களில் 'ஜாமீன் கிடைக்காத குற்றம்' என்று இருக்கிறது. தப்பு. விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் கேட்பவரின் உரிமை. நிபந்தனைக்கு உட்பட்டால் காவல் நிலையத்திலேயே கூட விட்டாக வேண்டும். விடத்தகாக் குற்றம் என்றால் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் யோசித்துக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொலை வழக்கிலும் ஜாமீன் கொடுக்கிறார்களே என்று மாணவர்கள் ஆச்சரியப்படுவது இந்த ஒரு வரியால்தான். கிடைக்காது என்று நம்பிக்கொண்டு மனுவே போடாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களும் உண்டு. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் வைத்துக் கொடுக்க வழி இருக்கிறது. அந்த வரியும் ஐந்தில் ஒன்றில்கூட இல்லை. என்னுடையதிலும் இல்லை.

'காவல்' இன்னும் சிக்கல். காவல் நிலையம், காவலர், காவலில் வைத்தல், நீதிமன்றக் காவல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஒருமுறை வகுப்பில் 'நீதிமன்றக் காவல் என்றால் எங்கே இருப்பார்?' என்று கேட்டேன். பாதிப் பேர் கோர்ட் கட்டடத்துக்குள் ஒரு அறை இருக்கும் என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சொல் அப்படித்தான் காட்டுகிறது. அது சிறைதான். போலீஸ் காவல் என்றால் விசாரிக்கும் போலீசின் கையில் இருப்பது. நீதிமன்றக் காவல் என்றால் நீதிபதியின் உத்தரவுப்படி சிறையில் இருப்பது, அங்கே போலீஸ் நினைத்தபோது வந்து விசாரிக்க முடியாது. கைது செய்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22வது பிரிவே சொல்கிறது. அதற்கு மேல் ஒரு நாள் வைத்திருக்கவும் நடுவரின் கையெழுத்து வேண்டும். 'காவல் = பாதுகாப்பு' என்று போட்டிக் கையேட்டில் இருக்கிறது. அகராதிப்படி சரி. அடித்துக் கேட்கிற இடத்துக்கு அந்தப் பொருளை எப்படிப் பொருத்துவது?

அடுத்தது, எல்லோரும் தெரிந்தே செய்யும் தவறு. குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்ற இரண்டையும் ஒன்றாக்குவது. இரண்டு பி.டி.எஃப்.களிலும் 'குற்றம் சாட்டப்பட்டவர் = குற்றவாளி' என்று அச்சாகியிருக்கிறது. இந்தியக் குற்றவியல் முறை முழுக்க இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது. சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம் எதற்கு? ஒருவரை முதல் சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்குக் கொண்டுபோகலாமா என்று பார்க்கத்தானே. சமக்குறி போட்டவர் விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனால் இதில் நீதிமன்றத் தமிழுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றத் தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே 'எதிரி' என்று எழுதுவார்கள். ஒன்றாம் எதிரி, இரண்டாம் எதிரி. எதிரில் நிற்பவர், எதிர்த் தரப்பு என்ற பொருளில் வந்திருக்கும். வழக்கு முடியும் முன்பே 'குற்றவாளி' என்று சொல்லாமல் இருக்கிறதே என்று பார்த்தால் நல்ல சொல்தான். ஆனால் தன் மகனை ஒன்றாம் எதிரி என்று படிக்கிற அம்மாவுக்கு அப்படிக் கேட்காது. யாருக்கு எதிரி என்றுதான் கேட்பார். இதற்கு நான் தீர்வு சொல்ல வரவில்லை. அந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்பதையாவது மாணவனுக்குச் சொல்ல வேண்டாமா? ஐந்து பட்டியல்களிலும் அது கிடையாது. தாளில் வராத சொல்லை விளக்கி, வருகிற சொல்லை விட்டுவிடுகிறோம்.

அதே மாதிரி விட்டுப்போனது 'சி.எஸ்.ஆர்.' முதல் தகவல் அறிக்கை என்பதற்கு எல்லாப் பட்டியலிலும் 'காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார்' என்று இருக்கிறது. புகார் நாம் கொடுப்பது, முதல் தகவல் அறிக்கை அவர்கள் பதிவது. நடுவில் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது இருக்கிறது. மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதை வாங்கிப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு 'கேஸ் போட்டாச்சு' என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவலில் தெரிந்தால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. முதற்கட்ட விசாரணைக்குச் சில விதிவிலக்குகளும் வைத்தது. இப்போதைய சட்டத்தில் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முடிக்கும் முதற்கட்ட விசாரணை ஒன்றும் வந்திருக்கிறது. இவ்வளவும் பிளஸ் டூ பையனுக்கு வேண்டாம். 'ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். பதிந்தால் தகவல் கொடுத்தவருக்கு நகல் இலவசமாகத் தர வேண்டும்' என்று ஒரு வரி போதும். அவன் வீட்டில் யாருக்காவது என்றைக்காவது உதவும்.

பேச்சில் வேறு பொருளில் புழங்கும் சொற்கள் தனி ரகம். 'தள்ளுபடி'யை எடுங்கள். ஆடித் தள்ளுபடி என்றால் சந்தோஷம், கடன் தள்ளுபடி என்றால் அதைவிடச் சந்தோஷம். மனு தள்ளுபடி என்றால் மட்டும் போச்சு. இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும், பிறகு மறக்காது. 'ராஜி' என்றால் சமரசம், ஆனால் அதே குடும்பத்து 'ராஜினாமா' வேலையை விடுவதாகிவிட்டது. 'வக்காலத்து' எல்லோருக்கும் தெரியும், 'அவனுக்கு ஏன்டா நீ வக்காலத்து வாங்குறே' என்று திட்டு வாங்காத பிள்ளை உண்டா? கோர்ட்டில் வக்கீல் போடும் வக்காலத்தும் அதே காரியம்தான், எழுத்தில் கையெழுத்தோடு. இப்படிக் கைவசம் இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பட்டியல் போடுபவர்கள் இந்தச் சொற்களைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தது, அரபி, பாரசீகம், தூய தமிழில் போடுங்கள் என்கிறார்கள். கல்லூரித் தாளில் வாய்தா இல்லவே இல்லை, 'ஒத்திவைப்பு' இருக்கிறது. ஒத்திவைப்பு நல்ல சொல், இருக்கட்டும். ஆனால் ஒத்திவைப்பு நீதிபதி செய்வது. வாய்தா என்பது கட்சிக்காரர் போக வேண்டிய தேதி. உருதுவில் அதற்கு வாக்குறுதி என்று பொருள். வருகிறேன் என்று கொடுத்த வாக்கு. அந்தப் பையனின் அண்ணன் தவறவிட்டது ஒத்திவைப்பை அல்ல, வாய்தாவை.

எல்லாத் தனித்தமிழ்ச் சொல்லும் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'உறுத்துக்கட்டளை' என்ற சொல் முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. செருப்பில் கல் உறுத்துகிற மாதிரி. உரிமையியல் வழக்குகளில் ஒருவரை இதைச் செய்யாதே, அல்லது செய் என்று நீதிமன்றம் கட்டுப்படுத்துவது அது. பத்திரிகைத் தமிழ் இதையும் 'தடை' என்கிறது, மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்து உத்தரவை நிறுத்தி வைப்பதையும் 'தடை' என்கிறது. முதலாவது ஆளைக் கட்டும். இரண்டாவது உத்தரவையோ வழக்கின் ஓட்டத்தையோ நிறுத்தும். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டக்கூடாது என்றால் உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பது நீதிமன்றத் தமிழ்தான், பேச்சுத் தமிழ் இல்லை. அதனால் இந்த இடத்தில் கடினமான சொல்தான் எளிமையானது. பட்டியல்கள் அதை விட்டுவிட்டு 'தடை உத்தரவு' என்று முடித்துக்கொள்கின்றன.

இந்த வேலை இன்று தொடங்கியதும் இல்லை. முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். 1879ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதிப்பதைப் பற்றிக் கேலியும் கோபமுமாக எழுதியிருக்கிறார். அவர் சொல் பட்டியல் போடாமல் தீர்ப்புகளைக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பில் சொல் தனியாக நிற்காது. யார் வழக்குப் போட்டார், என்ன கேட்டார், என்ன கிடைத்தது என்று ஒரு கதைக்குள் நிற்கும்.

பழைய பட்டியல்களுக்கு இப்போது இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது, எண்கள். ஐந்து தாளிலும் பழைய பிரிவு எண்கள்தான். 302 இப்போது 103, 420 இப்போது 318, ஊரடங்குக்குச் சொல்லும் 144 இப்போது 163. தாளைத் திருத்துவது சுலபம், ஒரு மாலை வேலை. ஆனால் 'அவன் ஒரு ஃபோர் ட்வென்ட்டி' என்பதை யார் திருத்துவது? அதை விட்டுவிடலாம், சட்டம் போனாலும் அந்த ஆள் இருக்கத்தான் செய்கிறான். 2024 ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்ணே வரும் என்பதால் மாணவனுக்கு இரண்டும் தெரிய வேண்டியிருக்கிறது.

என் தாளை இப்போது திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுபது சொல் இருபத்திரண்டாகக் குறைந்துவிட்டது. சமக்குறியை எடுத்துவிட்டேன். பதினேழாவது வரி இப்படி மாறியிருக்கிறது:

பிணை, ஜாமீன்: வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கூப்பிட்டபோது வருவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, நிபந்தனை போட்டு, நீதிமன்றமோ போலீசோ ஒருவரை வெளியே விடுவது. அவருக்காகப் பொறுப்பேற்பவர் ஜாமீன்தாரர். வழக்கு முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும். போக முடியாவிட்டால் முன்கூட்டியே வக்கீலிடம் சொல்ல வேண்டும். போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும், ஜாமீன்தாரர் பணம் கட்ட வேண்டி வரும்.

ஒரு சொல் இருந்த இடத்தில் ஒரு பத்தி. இதை எளிமை என்று ஒத்துக்கொள்வார்களா தெரியாது. போன மாதம் இன்னொரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பெண் கையைத் தூக்கி, "அப்ப விடுதலைக்கு என்ன சார் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். சாட்சியமெல்லாம் கேட்டபின் குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொல்வதும் விடுதலை, தண்டனைக் காலம் முடிந்து சிறையிலிருந்து வெளியே வருவதும் விடுதலை. குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே போதிய ஆதாரம் இல்லை என்று அனுப்பிவிடுவதற்கு 'விடுவிப்பு' என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள், பத்திரிகையில் அதுவும் பல நேரம் விடுதலைதான். முதலாமவர் நிரபராதி, இரண்டாமவர் தண்டனையை அனுபவித்தவர், மூன்றாமவர் விசாரணைக்கே போகாதவர். மூன்று பேருக்கும் ஊரில் ஒரே சொல். அந்த வரிக்கு நேராக இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு தடவை அழித்தாகிவிட்டது.